பேனலில் காய்ந்த சந்தனம்

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நலம் எப்படியும் போனில் படம் படமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. குரல் செய்தி அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பாயாம், உன் அம்மாவின் குரல் எலி கத்துவதுபோல இருக்குமாம், அதைக் கேட்டுச் சிரிப்பாயாம். பவித்ரா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். ஈப்போவுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசுங்கள், கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று தீபாவளியிலிருந்து போனில் கெஞ்சினாயே, போய்விட்டு வந்தேன். அங்கே என்ன நடந்தது, அவர் என்ன சொல்லி அனுப்பினார், இனி நீ என்ன செய்ய வேண்டும் எல்லாம் இதில் இருக்கிறது. கடைசிக்குத் தாவாமல் வரிசையாகப் படி. இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்.

உன் அப்பாவையும் கூப்பிட்டேன். "நீ போ. அவனோட பேட்டரிப் பெட்டியப் பத்திப் பேச்செடுத்தா எனக்குச் சிரிப்பு வந்துரும், காரியம் கெட்டுரும்" என்று சொல்லிவிட்டு மிளகாய்ச் செடிக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். சிரிக்க அவருக்கு முடிகிறது. எனக்கு முடியவில்லை. கொழுந்து பறிப்பதை விட்டபின் இந்தக் கேமரன் மலையில் நம் லயத்து வீட்டுக்குக் கீழே இருக்கும் கேம்ப்சைட்டில் வேலை பார்க்கிறேன் அல்லவா, உன்னைப் போன்றவர்களை வாராவாரம் பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு தீர்ந்துவிட்டது. கூட்டுவது, கழிவறைச் சாவி கொடுப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் பெயருக்குத்தான். கோலாலம்பூரிலிருந்து இயற்கையோடு வாழ வந்தவர்கள் சாயந்தரமானால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆண்ட்டி, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா" என்று என் அறை வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு ப்ளக் காட்டுவதுதான் என் உண்மையான வேலை.

எத்தனை விதமான அறிவாளிகள்! ஒருவன் வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, சோலார் பேனலைத் தெற்குப் பார்த்துச் செங்குத்தாக நிறுத்தி, கல் வைத்து முட்டுக்கொடுத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு துரை மாதிரி உட்கார்ந்திருந்தான். இந்த ஊரில் வெயில் நம் உச்சந்தலையில் அல்லவா அடிக்கிறது, பேனலைப் படுக்கப் போட்டு, மழைத் தண்ணீர் வழிய ஒரு பக்கம் லேசாகத் தூக்கினால் போதும் என்று சொன்னேன். கோணம் ரொம்ப முக்கியம் ஆண்ட்டி என்று எனக்கே பாடம் எடுத்தான். இன்னொருத்தி பேனல் சூடாகிவிடும் என்று அக்கறையாக மர நிழலில் விரித்தாள். வேறொருவன் ஈரத் துண்டை அதன்மேல் காயப்போட்டான். தண்ணீர் ஊற்றுகிற பழைய வகை லாரி பேட்டரியோடு வந்த ஒரு மகராசன், அதற்கென்று கடையில் விற்கிற சுத்தத் தண்ணீரை வாங்காமல், அருவித் தண்ணீரைப் பிடித்து ஊற்றினான். மலைத் தண்ணீர் தூய்மையானதாம். தூய்மைதான், மண்ணும் பாசியும் உப்பும் கலந்த தூய்மை. திரும்பிப் போகும்போது அந்த பேட்டரி பிணமாகத்தான் போயிருக்கும்.

இவர்களில் ஒருவருக்கும் இந்த மலையின் பகல் எப்படிப்பட்டது என்று தெரியாது. காலையில் வெயில் மேட்டைத் தாண்டி வரவே நேரமாகும். வந்தால் தேயிலைப் பாத்தி எல்லாம் பளபளவென்று நாலு பேர் படமெடுக்கிற அளவுக்கு அடிக்கும். சோறு வடிக்கிற நேரத்துக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். அப்புறம் பேனலை விரித்தாலும் ஒன்றுதான், பாயை விரித்தாலும் ஒன்றுதான். இவர்களோ வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து இறங்கி, பனிக்குள் பேனலை நீட்டி, ஏன் ஏறவில்லை என்று பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார்கள். தட்டினால் ஏற அது என்ன பழைய ரேடியோவா? வீட்டிலேயே முழுசாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும், வெயில் தருவதை மேல்வரும்படியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற சின்ன விஷயம் இவர்கள் மண்டையில் ஏறுவதில்லை. அதை ஏற்றுவது பேட்டரியை ஏற்றுவதைவிடக் கடும் வேலை.

இவர்கள் யாரோ பெற்ற பிள்ளைகள், எனக்கென்ன என்று இருந்தேன். ஆனால் நீ அவர்கள் எல்லாரையும் மிஞ்சினாய். அவர்கள் கேம்பிங்குக்கு வந்தவர்கள். நீ இதே தேயிலைக்குள் பிறந்து, இதே பனியில் மூக்கொழுகித் திரிந்தவன். ஷா ஆலமுக்கு வேலைக்குப் போய் நாலு நண்பர்கள் சேர்ந்ததும், பிறந்த மலைக்கே டென்ட் தூக்கிக்கொண்டு வந்தாய். சொந்த வீட்டில் கட்டில் காலியாகக் கிடக்க, ஐம்பதடி கீழே ஈரப் புல்லில் படுத்துக்கொண்டு, "அம்மா, என்ன அமைதி பாத்தீங்களா" என்று கேட்டாய். பார்த்தேன் ஐயா. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பெட்டியை நீ வைத்திருந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை கேம்பிங் போய்விட்டு வந்தால் அடியோடு காலியான பெட்டியை அப்படியே காரின் பின்பக்கம் போட்டுவிடுவாய். அடுத்த விடுமுறை வரை அது அங்கேதான் வேகும். ஷா ஆலம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அப்பளம்கூடப் பொரியும். பேட்டரிக்குச் சூடும் ஆகாது, காலியாகக் கிடப்பதும் ஆகாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், முன்னைப் போல நிற்கவில்லை என்று புலம்பினாய். பாதி சார்ஜில், வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து இறங்கியிருந்தால் ஏற்ற வேண்டும். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் படம் போட்டே சொல்லியிருந்தது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உன் பழைய அலமாரியில் இருக்கிறது. நான் பிரித்துப் படித்தேன். எனக்கு வேறு வழியில்லை, உன்னைப் போன்றவர்கள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு வந்தாயே, அதற்கு வருகிறேன். காரைக் கழுவினாய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாய், லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தாய். எல்லாம் நல்லதுதான். பிறகு அந்தப் பேனலை விரித்து, அதன் கண்ணாடிக்கு மேல் திருநீற்றில் பட்டை இழுத்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாய். சந்தனம் நான் குழைத்ததுதான். பூசியது நீ. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியதும் நீ. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, உன் விரலில் சந்தனத்தோடு. மறுநாள் துடைத்துவிடு, கண்ணாடியை மறைத்தால் வெயில் எப்படி உள்ளே போகும் என்று நான்தான் சொன்னேன். ஒரு கட்டம் மறைந்தாலும் அதோடு சேர்ந்த வரிசையே சோம்பிவிடும். ஆசீர்வாதம் அம்மா, இருக்கட்டும் என்றாய். சாமிக்கும் உனக்கும் நடுவில் நான் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி விடுமுறைக்குப் பவித்ராவையும் அவள் அப்பாவையும் கூட்டிவந்தாய். தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவர். லாரி ஓட்டி ஓட்டி உடம்பு பெருத்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி அவருக்கு. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மிஷின் இல்லாமல் அவர் கண்மூடக் கூடாது. அறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புதுத் துணி விரித்து வைத்திருந்தேன். நீயோ டென்டில்தான் தூங்க வேண்டும், அதுதான் அனுபவம் என்று நின்றாய். அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், மிஷினுக்குக் கரன்ட் எப்படி என்று. "ஃபுல்லா இருக்கு லாஹ் அங்கிள், எல்லாம் சோலார்" என்றாய். நான் என் அறையிலிருந்து நீள ஒயர் இழுத்துத் தருகிறேன் என்றேன். ஒயர் இழுத்தால் அது கேம்பிங்கே இல்லை என்று என்னை அவர் முன்னால் மட்டம் தட்டினாய்.

அன்று முழுக்க வெயில் முகத்தைக் காட்டவில்லை. பேனல் பனியில் நனைந்துகொண்டு கிடந்தது. அதோடு விட்டாயா? மாமனாருக்கு ஸ்டீம்போட் விருந்து வைக்கிறேன், சூப்பைக் கொதிக்கவைத்து அதிலேயே எல்லாவற்றையும் வேகப்போட்டுச் சாப்பிடலாம் என்று மின்சாரச் சட்டியை அந்தப் பெட்டியில் மாட்டினாய். கேமரன் மலைக்கு வந்தால் ஸ்டீம்போட் சாப்பிட வேண்டும், சரி, பிரிஞ்சாங்கில் கடைக்குக் கடை அதுதானே? கேஸ் அடுப்பு காரில் இருந்ததே? சூடு பண்ணுகிற சாமான் எதுவானாலும் பேட்டரியை உறிஞ்சித் தள்ளிவிடும். சோற்றுப்பானை, முடி காயவைக்கிற மிஷின், சட்டி எல்லாம் ஒரே சாதி. மீன் உருண்டையும் காளானும் வெந்தன, பெட்டி கிட்டத்தட்ட காலியானது. பெட்டியின் முகத்திலேயே எவ்வளவு மிச்சம் என்று எண் தெரிகிறது, நீ பார்த்தாய். பார்த்துவிட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த மிஷினில் தண்ணீரைச் சூடாக்கி ஆவி விடுகிற பாகம் ஒன்று இருக்கிறது, அதை நிறுத்திவிட்டால் பாதிக்கு மேல் மிச்சமாகும். மிஷினைக் காரில் மாட்டுகிற ஒயரைப் பவித்ரா பையில் வைத்திருந்தாள், அதைப் பெட்டியில் நேராகச் செருகியிருந்தால் இன்னும் மிச்சமாகும். அவளைக் கேட்டாயா? இல்லை. நீதான் எல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே.

நடுராத்திரியில் மிஷின் நின்றுபோக, அவர் தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்து, விடியும்வரை உன் கார் சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் கதவைத் தட்டக்கூட உனக்கு வெட்கம். காலையில் தேநீர் குடித்து, நன்றி சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார். கல்யாணத் தேதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தை உடைக்கத்தான் என்னை அனுப்பினாய்.

போன ஞாயிறு கியா பார்ம் சந்தையில் சோளமும் கோசும் வாங்கிப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். காப்பி கொடுத்தார். நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவரே எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கம்மா. தம்பி எல்லாம் சொல்லுச்சு. நீங்க பக்தியில செஞ்சது, அதுல தப்பில்ல. அடுத்த வாட்டி அந்தக் கண்ணாடி மேல மட்டும் சந்தனம் பூசாதீங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்று காலை அவரைக் காரில் கொண்டுபோய் விடும்போது, நீ சொல்லியிருக்கிறாய். அம்மா படிக்காதவர், பேனலில் சந்தனத்தைப் பூசிவிட்டார், அதனால்தான் சார்ஜ் ஏறவில்லை என்று. காப்பி என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. எனக்கு வலித்தது, தம்பி. நீ பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை. சட்டென்று யாரும் நம்பக்கூடிய பொய் எது என்று யோசித்தாய் பார், அப்போது உனக்குக் கிடைத்தது நான். எஸ்டேட்டுக்காரி, கண்டதற்கெல்லாம் பொட்டு வைப்பவள், பேட்டரி என்றால் என்னவென்று தெரியாதவள். யார் சந்தேகப்படுவார்கள்? உன் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் படித்தவளை, அதைப் பிரிக்காத நீ முட்டாளாக்கிவிட்டாய்.

பவித்ரா சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் அன்றைக்கே தேதி பேசியிருப்பார். அவர் மனசில் ஏற்கெனவே என்னை மன்னித்துவிட்டார். உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். பஸ்ஸில் வழியெல்லாம் அதைத்தானே வேண்டிக்கொண்டு வந்தேன்? ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாளைக்கு உன் வீட்டில் கரன்ட் போனாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், வேலை போனாலும், யார் மேல் சந்தனம் பூசுவாய் என்று யோசித்தேன். அடுத்தது அவள்தானே?

"நான் பூசலண்ணே. பூசினது அவன்தான்," என்றேன். "பூசாம இருந்திருந்தாலும் அன்னிக்கு ஏறியிருக்காது. பொழுதுக்கும் மூடுபனி. இருந்த கொஞ்சத்தையும் ஸ்டீம்போட் சட்டிய மாட்டித் தீத்தவனும் அவன்தான். காலின்னு தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லல."

அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். "பொண்ணு கேக்க வந்துட்டு இப்படிச் சொல்றீங்களேம்மா?"

"பொண்ணு கேக்கத்தாண்ணே வந்தேன். அதனாலதான் சொல்றேன்."

பவித்ரா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டியை மாட்ட வேண்டாம் என்று தான் அன்றே சொன்னதாகவும், நீ கேட்கவில்லை என்றும் அப்பாவிடம் சொன்னாள். அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திட்டுகிற பெண் இருந்துவிடுவாள். அவள் என் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், உன் பெயரை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

கிளம்பும்போது அவர் வாசலில் நிறுத்திச் சொன்னார். "தைப்பூசம் முடியட்டும். அந்தப் பெட்டியத் தூக்கிட்டு அவன வரச் சொல்லுங்க. வெயில்ல ஏத்தினதா இருக்கணும், ப்ளக்ல ஏத்தினது வேணாம். இங்க ஹால்ல வெச்சு, மிஷின அதுல மாட்டி நான் தூங்குறேன். அவன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கட்டும். காலையில நான் நல்லபடியா எந்திரிச்சா, தேதி பேசலாம்." கேலியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

ஆக, உன் கல்யாணம் இப்போது அந்தப் பெட்டியில் இருக்கிறது. நீ எந்த வீடியோவையும் பார்க்க வேண்டாம், நான் சொல்வதைச் செய். லீவு போட்டுவிட்டு முன்கூட்டியே வா. ஒரு நாள் வெயிலில் நிறையும் என்று கனவு காணாதே, இங்கே காலை வெயில் மட்டும்தான் நம்முடையது. வெயில் மேட்டைத் தாண்டுவதற்குள் எழுந்து, பேனலை எதன் நிழலும் படாத மேல்பாத்தியில் படுக்கப் போடு. நிழல் நகர நகர நீயும் அதை நகர்த்து, போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. பெட்டியை வெயிலில் வைக்காதே, அது நிழலில் இருக்கட்டும், பேனல்தான் காய வேண்டும். பனியில் நனைந்த ஒயர் முனையைத் துடைத்துவிட்டுச் செருகு, உன்னுடையதில் பச்சை பூத்திருக்கிறது. உபயோகிக்காதபோது எல்லாச் சுவிட்சையும் அணை, சும்மா எரிகிற அந்தச் சின்ன விளக்குக்குப் பின்னாலும் பேட்டரி கசிந்துகொண்டுதான் இருக்கும். ஈப்போவுக்குப் போகும்போது கார் சீட்டில் வை, சூடான பின்பெட்டியில் வேண்டாம். அங்கே போய் பவித்ராவிடம் அந்த ஒயரைக் கேள். ஆவி விடுகிற பாகத்தை நிறுத்தலாமா என்று அவரிடமே கேள். கேட்பதற்கு வாய் இருக்கிறதல்லவா, பொய் சொல்லத் திறந்த அதே வாய்தான்.

அவர்களைக் கொண்டுபோய் விடக் கிளம்பிய அன்று, கோபத்தில் நீ பேனலோடு பெட்டியை நம் வீட்டில் போட்டுவிட்டுப் போனாயே, அடியோடு காலியாக. நான் அதை வீட்டுக் கரன்டில் பாதிவரை ஏற்றி, அரிசி வாளிக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்திருக்கிறேன். உயிர் இருக்கிறது, எண் காட்டுகிறது. உனக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. ஒரு நல்ல சாமான் ஒரு மட்டிப்பயலின் கையில் பாழாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னது வெயில். அதனால் நீ வந்ததும் முதல் வேலையாக ஒரு விளக்கை மாட்டி அந்தப் பாதியை இறக்கிவிட்டு, வெயிலிலிருந்து தொடங்கு. வெயிலில் ஏறிய பாதி எது, ப்ளக்கில் ஏறிய பாதி எது என்று அவருக்குத் தெரியப்போவதில்லைதான். எனக்குத் தெரியும். இனிமேல் உனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பேனல் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. சந்தனம் காய்ந்து ஓடாகிவிட்டது, குங்குமம் கறையாகிவிட்டது. நேற்று உன் அப்பா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார். நான் துணியைப் பிடுங்கிவிட்டேன். அதைத் துடைக்க வேண்டியவன் நீ. அதற்கு முன்னால் அவருக்குப் போன் போட்டு, பூசியது யார் என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு வந்தால் சோறு போடுகிறேன், துணியும் தருகிறேன், அந்தக் கட்டிலும் இருக்கிறது. சொல்லாமல் வந்தால் கீழே டென்ட் போட்டுக்கொள். கழிவறைச் சாவியை மற்றவர்களைப் போல நீயும் என்னிடம் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சந்தனம் பூசாத
உன் அம்மா